முந்நூற்றுப் பன்னிரண்டு கைநாட்டு

அத்தியாயம் ஒன்பது

போன வாரம் மஜீதை இலைக் கிடங்குக்குள் விட்டுக் கதவைச் சாத்தினோம். கையில் ஒரு மனு, ஒரு மை பேடு. ராயபுரத்துச் சங்கிலிச் சந்திலும் அதைச் சுற்றியும் பீடி சுற்றும் முந்நூற்றுப் பன்னிரண்டு பெண்களின் கைநாட்டும் மறுநாள் காலைக்குள் அந்த மனுவில் விழுந்தாக வேண்டும் என்பது முதலாளி சௌக்கத் அலியின் உத்தரவு.

விழுந்துவிட்டது.

பெண்கள் ஒருத்தரும் வரவில்லை. அதனால் வேலை ஒன்றும் நின்றுவிடவில்லை. மனிதனுக்குப் பத்து விரல் இருக்கிறது. மஜீது பத்தையும் முறை வைத்துப் பயன்படுத்தினார். ஒரே விரல் அடுத்தடுத்து வந்தால் பார்வைக்கு நன்றாயிராது என்று இடையிடையே கால் பெருவிரல்களையும் சேர்த்துக்கொண்டார். நூற்று நாற்பதாவது பெயருக்கு வலது கால் பெருவிரல் அமைந்தது. அந்தப் பெயர் மலிகா. சந்திலேயே மெலிந்த பெண் அவள்.

சாயங்கால அஸர் தொழுகைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஏன் இந்தப் பாடு என்று கேட்கலாம். இரட்டை நங்கூரம் பீடிக் கம்பெனிக்காக இலையும் புகையிலையும் கொடுத்து, சுற்றிய பீடியைத் திரும்ப வாங்குகிறவர் மஜீது. பதினோரு வருஷமாக அதே வேலை. அவர் ஒரு சொல் சொன்னால் சந்து முழுக்க மையில் விரலைத் தோய்த்திருக்கும். சொல்லத்தான் போனார். முதல் வாசலே தன் வீட்டு வாசல். அங்கே அவருடைய தங்கை அஜீசுன்னிசா மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். துறைமுகத்து நிலக்கரி வேலையில் புருஷனைப் பறிகொடுத்தவள். அண்ணன் வீட்டிலேயே இருந்து, பீடி சுற்றி மகளை வளர்க்கிறவள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அத்துல இன்னா எழுதிகீதுன்னு படிச்சுக் காட்டு அண்ணாத்தே."

மனுவின் முதல் வரி இது: புகையிலைத் தூசியால் எங்களுக்கோ எங்கள் குழந்தைகளுக்கோ யாதொரு தீங்கும் இல்லை, ஜலதோஷத்துக்கு அது கைகண்ட மருந்து.

தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து நூல் கட்டிக்கொண்டிருந்த பதினோரு வயது ரோஷன் அப்போது இருமினாள். ரம்ஜானிலிருந்து இருமிக்கொண்டிருக்கிறாள். மஜீது மனுவை மடித்தார். கிடங்கில் அவசர வேலை இருக்கிறது என்று நடையைக் கட்டினார். அந்தப் பொய்யை அந்த வாய்களால் சொல்லவைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆகவே முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் சேர்த்துத் தாமே சொல்லிவிட்டார்.

இனி செவ்வாய்க்கிழமைக் காலை.

மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும், செங்கல் தூள் போட்டுத் தேய்த்தும் விரல் மை போகவில்லை. அஜீசுன்னிசா டீ டம்ளரை நீட்டியபடி அந்தக் கையைப் பார்த்தாள்.

"கை இன்னா இவ்ளோ கலீஜா கீது?"

கம்பெனிக்குப் புது லேபிள் வந்திருக்கிறது, மை காயவில்லை என்றார் மஜீது.

அவள் குனிந்து அவர் காலைப் பார்த்தாள். "லேபிளை மிதிச்சியா?"

மஜீது டீயை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார். பிறகு, சொல்ல நினைத்திருந்த விஷயத்தை வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார். இன்றைக்குச் சுகாதாரக் கமிட்டிக் கூட்டம். அங்கே பொம்பளைகளுக்கு வேலையில்லை. வீட்டில் புகையிலை வைக்கக் கூடாது என்று டாக்டரம்மா கொண்டுவரும் சட்டம் நிறைவேறினால் கம்பெனி இந்தச் சந்துக்கு இலை கொடுக்காது, வேறு ஊருக்குக் கொடுத்துவிடும். ஆகையால் வீட்டிலேயே இருப்பது நல்லது.

அஜீசுன்னிசா மறுத்துப் பேசவில்லை. ரோஷனுக்கு நெஞ்சைப் பார்க்க டாக்டரம்மா இன்றைக்கு அங்கேதான் வரச் சொல்லியிருக்கிறார், போய்விட்டு வந்துவிடுவேன் என்றாள். அண்ணன் மேலே என்ன சொல்ல முடியும்? மருமகளை டாக்டரிடம் காட்டாதே என்றா?

கமிட்டி கூடுவது எண்ணூர் சாலையில் ஒரு பழைய உப்புக் கிடங்கில். உப்பு போய் முப்பது வருஷமாகியும் சுவர் வேர்ப்பது நிற்கவில்லை. அங்கே எழுதுகிற காகிதமெல்லாம் நமத்துப்போகும். போன வருஷம் சாக்கடைக்காகப் போட்ட தீர்மானம் ஒன்று மினிட் புத்தகத்தில் ஊறிப் பின்பக்கத்துக்கு இறங்கி, பின்பக்கத்தில் இருந்த கொசுத் தீர்மானத்தோடு கலந்துவிட்டது. அதற்குப் பிறகு சாக்கடையையும் கொசுவையும் யாராலும் பிரிக்க முடியவில்லை.

கூரையில் ஒரு மின்விசிறி. அதன் மூன்று இறக்கைகளிலும் இரட்டை நங்கூரம் வரைந்திருந்தது. சுவரில் ஒரு கடிகாரம். அதிலும் நங்கூரம். மெம்பர் ஒவ்வொருவரின் முன்னாலும் ஒரு கட்டு பீடி, ஒரு தட்டு சமோசா. பீடி பிடிக்காத இரண்டு மெம்பர்களின் மனம் நோகக் கூடாது என்று சௌக்கத் அலி அவர்களுக்கு மட்டும் சிகரெட் டின் வாங்கி வைத்திருந்தார். எல்லாம் பொதுஜன சேவை.

மஜீது மனுவோடு பின் பெஞ்சில் உட்கார்ந்தார். கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

டாக்டர் வரலட்சுமி எழுந்தார். மூன்று மாதம் சந்து சந்தாக நடந்து நெஞ்சு நெஞ்சாகக் குழல் வைத்துக் கேட்டவர். புகையிலை வைத்திருக்கும் வீடுகளில் பத்துக் குழந்தைக்கு ஏழு குழந்தை இருமுகிறது என்றார். குடியிருக்கும் வீட்டில் புகையிலை வைக்கக் கூடாது, காற்றோட்டமான கொட்டகை கட்டித் தருவது கம்பெனியின் பொறுப்பு, இவ்வளவுதான் நான் கேட்கும் சட்டம் என்றார். அதற்குள் மண்டபத்தில் பீடிப் புகை கட்டிவிட்டது. டாக்டரம்மா நின்ற இடம் சரியாகத் தெரியாமல், சேர்மன் தமது பதிலைக் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார்.

அடுத்து கம்பெனியின் டாக்டர் ராசையா. இவர் முன்பு துறைமுகத்தில் தொற்றுநோய் பார்க்கும் உத்தியோகத்தில் இருந்தவர். ஒரு கப்பலின் சமையல்காரன் தும்மினான் என்பதற்காக அந்தக் கப்பலை நாற்பது நாள் கரைக்கு வராமல் நிறுத்திவைத்த கண்டிப்புக்காரர். கப்பல் நின்ற நாட்களில் மாலுமிகள் இரண்டு பேர் ராயபுரத்திலேயே கல்யாணம் முடித்துக்கொண்டார்கள் என்று சொல்வார்கள். அப்பேர்ப்பட்டவர் இப்போது ஒரு கண்ணாடிக் குப்பியைத் தூக்கிக் காட்டினார். உள்ளே புகையிலை ஊறிய தண்ணீர். அதில் ஒரு எறும்பை விட்டார். எறும்பு செத்தது. ஆகவே புகையிலை கிருமிகளைக் கொல்லும், ஆகவே குழந்தைகளுக்கு நல்லது என்று உட்கார்ந்துவிட்டார். மெம்பர்கள் தலையாட்டினார்கள். எறும்பின் தரப்பில் பேச யாருமில்லை.

"ஜனங்களே இன்னா சொல்றாங்கன்னு பாத்துடுவோம்" என்றார் சௌக்கத் அலி. மஜீதைத் திரும்பிப் பார்த்தார்.

மஜீது மனுவைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தார். கமிட்டி குமாஸ்தா ஞானதுரை பக்கம் பக்கமாகப் புரட்டி எண்ணினார். வெகு நிதானமான மனிதர். ஒரு பக்கத்தில் நின்று, மூக்குக் கண்ணாடியைத் தூக்கி, மலிகா என்கிற இந்த அம்மாளுக்கு விரல் ரொம்பப் பெரிது என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த பக்கம் போனார்.

அந்த நேரம் பார்த்து அஜீசுன்னிசா ரோஷனைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

டாக்டர் வரலட்சுமி மனுவைத் தமக்குக் கொஞ்சம் கொடுக்கச் சொன்னார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அஜீசுன்னிசாவைக் கூப்பிட்டு, மை பேடை அவள் முன் நகர்த்தி, ஒரு வெள்ளைக் காகிதத்தில் இடது கட்டைவிரலை வைக்கச் சொன்னார்.

அவள் வைத்தாள்.

காகிதத்தில் விழுந்தது ஒரு கறுப்புப் பொட்டு. அவ்வளவுதான். கோடு இல்லை, சுழி இல்லை. இருபது வருஷமாக இலையைச் சுருட்டிச் சுருட்டி விரல் வழுவழுவென்று தேய்ந்துபோயிருந்தது. மனுவிலோ முந்நூற்றுப் பன்னிரண்டும் வெங்காயத்தைக் குறுக்கே வெட்டிவைத்தது போல வளையம் வளையமாக, ரேகை ரேகையாக விழுந்திருந்தன.

பீடி சுற்றுகிற பெண்ணுக்கு ரேகை இருக்காது என்பது அந்தச் சந்தில் நடக்கப் பழகும் குழந்தைக்குக்கூடத் தெரியும். மஜீதுக்குத் தெரியவில்லை. பதினோரு வருஷமாக அவர்கள் நீட்டிய பீடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் அவர். முனை மடிப்பு சரியில்லை என்று எத்தனையோ கட்டுகளை ஒதுக்கியவர். நீட்டிய விரலை ஒரு தரம்கூடப் பார்த்ததில்லை. பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவருக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது.

"இது யாரோட கைநாட்டும்மா? உங்க தெருவுலதானே வாங்கினாங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

அஜீசுன்னிசாவுக்குப் படிக்கத் தெரியாது. காகிதத்தைப் பார்க்கத் தெரியும். ஒரு பக்கம் பார்த்தாள். மறுபக்கம் திருப்பினாள். அவள் விரல் ஒரு கைநாட்டின் மேல் நின்றது. ரேகையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு. எண்ணூர் கழிமுகத்தில் தங்கைக்கு மட்டிச் சிப்பி பொறுக்கிக் கொடுக்கப்போய்ப் பத்து வயசில் அண்ணன் கிழித்துக்கொண்ட விரல். பாவாடை முனையைக் கிழித்து அதற்குக் கட்டுப் போட்டவளே இவள்தான். அந்தத் தழும்பு ஒவ்வொரு பக்கத்திலும் நாலைந்து இடத்தில் இருந்தது.

அவள் தலையைத் தூக்கிப் பின் பெஞ்சைப் பார்த்தாள். மஜீது கூரை விசிறியைப் பார்த்தார்.

"எங்க தெரு பொம்பளைங்கதுதான்" என்றாள் அஜீசுன்னிசா. "எல்லாரும் வச்சாங்க. நானும் வச்சேன்."

"உங்க விரல்ல ரேகையே இல்லையேம்மா."

"அன்னிக்கு இருந்துச்சுங்க."

யாரோ சிரித்தார்கள். சேர்மனுக்கு நிம்மதியாகிவிட்டது. சம்பந்தப்பட்ட அம்மாளே ஒப்புக்கொண்ட பிறகு விரலைப் பற்றி நமக்கென்ன விசாரம் என்று சொல்லி, அவள் வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளும்படி ஞானதுரைக்கு உத்தரவிட்டார். ஞானதுரை எழுதினார். எழுதியதைச் சட்டப்படி வாசித்துக் காட்டினார். நமத்த காகிதத்திலும் அவர் குரல் கணீரென்று இருந்தது.

"மேற்படி மனுவில் கண்ட யாவும் உண்மை. புகையிலைத் தூசியால் எனக்கோ என் மகள் ரோஷனுக்கோ யாதொரு தீங்கும் இல்லை."

தன் பேர் வந்ததும் ரோஷன் தாயை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு இருமல் வந்தது. தான் இருமினால் அம்மா சொன்னது பொய்யாகிவிடும் என்று அந்தப் பெண்ணுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. தாவணித் தலைப்பைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. கண்ணில் தண்ணீர் வந்தது. சத்தம் வரவில்லை.

அஜீசுன்னிசா வாக்குமூலத்தின் கீழே தன் கறுப்புப் பொட்டை வைத்தாள். எழுதப் படிக்கத் தெரியாத பெண் கைநாட்டு வைத்தால், இது இன்னாருடையதுதான் என்று ஆண் உறவினர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அந்தக் கமிட்டியின் வழக்கம். அப்படி யாராவது இருக்கிறார்களா என்று ஞானதுரை கேட்டார்.

"கூடப் பொறந்த அண்ணனே கீறாரே" என்றார் சௌக்கத் அலி. "மஜீது பாய், வாங்க."

மஜீது போனார். ஞானதுரை பேனாவை மையில் தொட்டுக் கொடுத்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைச் சுட்டிக் காட்டினார். மூன்று எழுத்து. போட்டுவிட்டால் எல்லாம் சுபம். சந்துக்கு இலை வரும், வேலை நிலைக்கும், தங்கை சொன்னது உண்மையாகிவிடும். எதிரே ரோஷன் வாயில் துணியோடு மாமுவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து இடது கையை எடுத்து, கட்டைவிரலை மையில் அழுத்தி, தங்கையின் பொட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். தழும்பு பளிச்சென்று விழுந்தது.

"எழுதத் தெரிஞ்சவரு எதுக்கு ஐயா கைநாட்டு வைக்கிறீங்க? காயிதம் வீணாப்போச்சே" என்றார் ஞானதுரை.

டாக்டர் வரலட்சுமி மனுவை எடுத்து அந்தக் கைநாட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். ஞானதுரை குனிந்தார். இதைப் பார்த்தார், அதைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"அத்தினியும் நான் வச்சதுதான்" என்றார் மஜீது. "பொம்பளைங்க யாருக்கும் தெரியாது. என் தங்கச்சி எனக்காவ சொல்லிச்சு."

எல்லோரும் சௌக்கத் அலியைப் பார்த்தார்கள். அவர் கோபப்படுவார், வியர்ப்பார், எழுந்து ஓடுவார் என்று மஜீது எதிர்பார்த்தார் போலிருக்கிறது. சௌக்கத் அலி ஒரு சமோசாவைப் பிட்டுக்கொண்டு, வருத்தமாகத் தலையை ஆட்டினார்.

"பதினோரு வருசம் நம்பின ஆளு. சோம்பேறித்தனத்துல இப்டி பண்ணிட்டாரு" என்றார். "இவரு செஞ்ச தப்புக்கு அந்தப் பொம்பளைங்க இன்னா பண்ணுவாங்க, சேர்மன் சார்? வெள்ளிக்கெழம காலைல, ஜும்மாவுக்கு முன்னாடி, முந்நூத்திப் பன்னண்டு பேரையும் லாரியில கொண்டாந்து இங்கயே நிறுத்துறேன். மனுவுல கீறத அவுங்க வாயாலயே சொல்லட்டும்."

நியாயமான யோசனை என்று பட்டது மெம்பர்களுக்கு. காகிதத்தை விட ஆள் மேல் என்றார் ஒருவர். டாக்டரம்மா எழுந்து ஏதோ சொன்னார். அதற்குள் கூட்டம் வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிவைக்கப்பட்டாயிற்று.

வாசலில் காரில் ஏறும்போது சௌக்கத் அலி மஜீதின் தோளில் கை வைத்தார். குரல் அன்பாகத்தான் இருந்தது. நாளையிலிருந்து கிடங்குப் பக்கம் வரவேண்டாம் என்றார். வெள்ளிக்கிழமை வரைக்கும் சந்துக்கு இலை கிடையாது என்றார். லாரியில் ஏறுகிறவர்களுக்கு அன்றைக்கே இலை உண்டு, இரண்டு பங்காக உண்டு என்றும் சொன்னார்.

முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் அந்தப் பொய்யைச் சொல்ல வேண்டாம் என்றுதான் மஜீது இத்தனையும் செய்தார். இப்போது அதை அவர்களே சொல்ல ஏற்பாடு செய்துவிட்டு வெளியே நிற்கிறார்.

பஸ் வர நேரமாயிற்று. டாக்டரம்மா ரோஷனின் நெஞ்சைப் பார்த்து, மருந்து எழுதிக் கொடுத்து, மருந்தை விட அந்த வீட்டிலிருந்து புகையிலை போவதுதான் முக்கியம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். மூன்று பேரும் சாலையோரம் நின்றார்கள். அண்ணனும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. என்னை மன்னிச்சிடு என்று எப்படி ஆரம்பிப்பது என்று மஜீது யோசித்துக்கொண்டிருந்தபோது அவளே ஆரம்பித்தாள்.

"நீ ஒத்துக்கினே. உன் பாரம் எறங்கிடுச்சு."

"அஜீசு..."

"நான் சொன்னது அங்கயே கீது, அண்ணாத்தே. காயிதத்துல கீது. புள்ளைய கிட்ட நிறுத்திகினே, புள்ளைக்கு ஒண்ணும் இல்லன்னு சொன்னேன்."

பஸ் வந்தது. ஏறினார்கள்.

சங்கிலிச் சந்தில் அவர்கள் இறங்குவதற்கு முன்பே கம்பெனி ஆள் சைக்கிளில் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான். கிடங்குக் கதவில் புதுப் பூட்டு. பெண்கள் வெறும் முறத்தோடு வாசல் வாசலாக நின்றார்கள். ஒருத்தரும் மஜீதை ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் தேவலை போலிருந்தது அவருக்கு.

மலிகாதான் முன்னால் வந்தாள். லாரியில் ஏறினால் இலை, ஏறாவிட்டால் இல்லை, அதுதானே என்று கேட்டாள். அதுதான் என்றார் மஜீது.

"ஏறிப் போயி நாங்க இன்னா சொல்லணும்?"

இந்த முறை அவர் கிடங்கில் வேலை இருக்கிறது என்று சொல்லவில்லை. கிடங்கும் இல்லை. சந்து நடுவில் நின்று, மனுவை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் மனப்பாடமாகச் சொன்னார். குழந்தைகள், தூசி, ஜலதோஷம், கைகண்ட மருந்து, ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடிக்கிற வரையில் அவர் கண் தரையில் இருந்தது.

ஏதோ ஒரு வீட்டுக்குள் கைக்குழந்தை இருமிற்று. பிறகு மலிகா மெல்ல அஜீசுன்னிசாவின் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நீ அங்க இத்த சொல்ட்டியாமே? சைக்கிள்ல வந்த ஆளு சொல்லிகினு போனான். அக்காவே சொல்லிச்சு, உங்களுக்கு இன்னான்னான்."

மஜீது குறுக்கே புகுந்து, அது எனக்காகச் சொன்னது என்று விளக்கப் பார்த்தார். அஜீசுன்னிசா கையைக் காட்டி நிறுத்தினாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"சொன்னேன்" என்றாள்.

பெண்கள் அவளைப் பார்த்தார்கள். பிறகு தங்கள் கையிலிருந்த வெறும் முறத்தைப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.